ஆறாயிரத்தில் ஒரு மேடு

என் அண்ணனைக் கடையில் எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். விலை உயர்ந்த ஹெட்ஃபோன்களைக் கழற்றி, காதுக் கிண்ணத்துக்குள் கம்பளிப் பஞ்சைப் பிய்த்து வைத்து, சத்தத்தை மாற்றித் தருவது அவன் வேலை. எவ்வளவு வைக்க வேண்டும் என்பதற்கு அவனிடம் தராசு கிடையாது. இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு துணுக்கை உருட்டுவான், கொஞ்சம் பிய்த்துப் போடுவான், வைப்பான், கேட்பான், மறுபடி எடுப்பான். ஒரு ஜோடிக்கு இரண்டு நாள் ஆகும். சில சமயம் நான்கு நாள். வாங்கியவர் போன் மேல் போன் போட்டாலும் அசையமாட்டான்.

வீட்டில் அண்ணி அதை வைத்தே அவனைக் கிண்டல் செய்வாள். சமையலறையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் கரண்டியோடு வந்து எதிரே நிற்பாள்.

"ஊருக்கெல்லாம் பஞ்சு வைக்கிறீங்க. உங்க காதுல யாரு வச்சாங்க?"

அண்ணன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். அப்போது நான் இயற்பியலில் பட்டம் வாங்கியிருந்தேன். ஒலியைப் பற்றி ஒரு முழுத் தாள் எழுதித் தேறியிருந்தேன். இருந்தும் சிரித்தேன்.

அவன் அந்தக் கடைக்கு முதலில் போனது ஒரு கீல் மாட்டத்தான். அதற்கு முன் ஒன்பது வருஷம் கதவுக் கீல் அடிக்கும் பட்டறையில் இருந்தான். லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து அப்பாவுக்கு இடுப்பு போன சமயம் அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. படிப்பை நிறுத்து என்று அவனிடம் வீட்டில் யாரும் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் திங்கட்கிழமை அவன் புத்தகப் பையில் டிபன் பாக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். இரும்புத் தகட்டின் மேல் அச்சு வந்து இடிக்கும். நிமிஷத்துக்கு இருபது இடி. ஒரே கூரையின் கீழே அப்படிப் பதினான்கு இயந்திரங்கள். காதில் சட்டைக் கிழிசலைச் சுருட்டி வைத்துக்கொள்வார்களாம். மேஸ்திரி கூப்பிடுவது கேட்பதில்லை என்று திட்டு விழுந்ததும் அதையும் எடுத்துவிட்டார்களாம்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இதைப் பெருமையாக எழுத வேண்டிய இடம் இதுதான். எழுத வரவில்லை.

கடையின் கண்ணாடி அலமாரிக்குக் கீல் மாட்டப் போனவன், உள்ளே இருந்த ஒரு ஹெட்ஃபோனின் தலைப்பட்டை கிரீச்சிடுவதைக் கவனித்துவிட்டுச் சும்மா வராமல் கேட்காமலே அதை எடுத்து வளைத்துச் சரிசெய்துவிட்டான். முதலாளி முதலில் பதறியிருக்கிறார். பிறகு தலையில் மாட்டிப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து இங்கேயே வந்துவிடு என்றார். அப்படி ஐந்து வருஷம். சரக்கு வைக்கும் அறையை ஒழித்து ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். ஜன்னலை எப்போதோ பெயின்ட் அடித்து மூடிவிட்டதால் திறக்க முடியாது. சுவரில் ஆணி அடித்துப் பலவிதமான காது மெத்தைகளை மாட்டியிருந்தான். ஆட்டுத்தோல், வெல்வெட், இரண்டும் கலந்தது. மேஜையில் மூக்குக் கண்ணாடி ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவர்கள், ஒட்டும் பசைக் களிமண், வட்டமாக வெட்டிய ஃபெல்ட் என்னும் கெட்டிக் கம்பளித் துணிகள்.

மேலே தரைவிரிப்பு போட்ட கூடத்தில் உட்கார்ந்து ஹெட்ஃபோன் கேட்பவர்கள், இரண்டு மூன்று ஜோடிகளை ஒப்பிட்டுக் குழம்பிப்போனால் கீழே அண்ணனிடம் வருவார்கள். அவன் எடுத்த எடுப்பில் பாட்டைப் போட்டுக் காட்டமாட்டான். தலையில் மாட்டிவிட்டு, ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனியச் சொல்வான். சும்மா வாயை மெல்லச் சொல்வான். மூக்குக் கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விழும். அதன் வழியே பேஸ் என்கிற தாழ்ந்த ஓசை முழுவதும் ஓடிவிடும். அந்த இடத்தில் மெத்தைக்குள் பஞ்சைக் குறைத்துக் காம்புக்கு ஒரு பள்ளம் செய்வான். "தலையில உக்காரலைன்னா காதுக்கு ஒண்ணும் போகாது சார்," என்பான். லட்சங்களில் வாங்கி வைத்துக்கொண்டு ஏதோ குறைகிறது என்று வந்த பல் டாக்டர் ஒருவர், அந்தப் பள்ளத்துக்கு அப்புறம் மாதம் ஒரு தடவை வந்து சும்மாவே உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இவ்வளவு இருந்தும் அண்ணனுடைய பெயர் கடையின் எந்தத் தாளிலும் இல்லை. வேலைக்கு எடுத்ததாக ஒரு கடிதம் கிடையாது. முதலாளி மெதுவாகப் பேசும் மனிதர். கேட்டால், "பாத்துக்கலாம் பஞ்சு," என்பார். கோபமே வராது அவருக்கு. அதனால் எதிராளிக்கும் கோபப்பட வழி இருக்காது.

படித்து முடித்து எட்டு மாதம் நான் வேலையில்லாமல் இருந்தேன். அந்தச் சமயத்தில் முதலாளி அளக்கும் கருவி ஒன்றை வாங்கினார். மரப்பலகையில் இரண்டு ரப்பர் காதுகள், அவற்றுக்குள்ளே மைக். ஹெட்ஃபோனை அதில் மாட்டினால், எந்த ஓசை எவ்வளவு வருகிறது என்று கம்ப்யூட்டர் ஒரு கோடு போட்டுக் காட்டும். வாங்கிய பிறகுதான் அதை இயக்கக் கடையில் யாருக்கும் தெரியாது என்று அவருக்குத் தெரிந்தது. அண்ணன் உடனே, "என் தங்கச்சி இருக்கா சார். அவ இதுக்குத்தான் படிச்சா," என்று சொல்லிவிட்டான். நான் அதற்குப் படிக்கவில்லை. ஆனால் மறுநாளே வேலைக்குப் போனேன்.

அளப்பதும், ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டுக் கடையின் இணையப் பக்கத்தில் எழுதுவதும் என் வேலை. அண்ணன் என்னை டிகிரி என்று கூப்பிட ஆரம்பித்தான். "டிகிரி, சாப்பிட்டியா?" "டிகிரி, உன் ரப்பர் காதுக்குக் குளிருதாம், போர்த்தி விடு." முதல் மாதத்திலேயே நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதையே எல்லோரும் நல்லது என்கிறார்கள். இரண்டையும் மீட்டர் வைத்துச் சமமாக்கிக் கொடுத்தால் பாதிப் பேர் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்கள். அண்ணன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். இத்தனை வருஷமாகச் சத்தத்தையா நாம் சுகம் என்று விற்றோம் என்று கேட்டான். முதலாளி மட்டும், இதை வாடிக்கையாளர் காதில் போட வேண்டாம் என்றார்.

அந்த வருஷ நடுவில் பெரிய விஷயம் ஒன்று வந்தது. கடையில் அதிகம் மதிக்கப்பட்ட ஒரு மாடலுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் பெரியவன். கனமான தலை, பின்பக்கம் திறந்த கிண்ணம், அதனால் சத்தம் வெளியேயும் கசியும். அண்ணன் கைபட்ட பெரியவனைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைச் செய்யும் கம்பெனியே ஆள் அனுப்புவதாகச் சொன்னது. பிடித்துப்போனால் இருநூறு ஜோடிகளை இங்கேயே மாற்றி, தனிப் பதிப்பாக விற்பார்கள். அதற்கு ஒரு பட்டறை, உதவிக்கு இரண்டு பேர், பொறுப்பாளராக அண்ணன். தலைப்பட்டையின் உள்பக்கம் அவன் கையெழுத்து. முதலாளி இதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். அண்ணன் அதை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பஸ்ஸில் ஒருவர் இடித்துவிடக் கூடாதென்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

அதற்காக அவன் நான்கு ஜோடிகளைத் தயார் செய்தான். நான் அளந்தேன்.

ஓசை எவ்வளவு கூர்மை என்பதை எண்ணால் சொல்வார்கள். ஆண் குரலின் அடிப்பகுதி நூறு, இருநூறில் நிற்கும். சாவிக்கொத்துக் குலுங்குவதும், 'ஸ்' என்று சீறுவதும் நான்காயிரத்துக்கு மேலே. நான்கு ஜோடிகளிலும் ஆறாயிரத்துக்குப் பக்கத்தில் கோடு மேடாக எழுந்து நின்றது. நான் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். மெத்தையைத் திருப்பி மாட்டி, ரப்பர் காதைத் துடைத்து, ஐந்து தடவை அளந்தேன். மேடு அசையவில்லை. பிறகு பல் டாக்டருடைய பழைய ஜோடியை, தூசி தட்டுவதாகச் சொல்லி வாங்கி அளந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் செய்தது. அதில் கோடு தண்ணீர் கட்டிய வயல்போலச் சமமாக இருந்தது. போன வருஷம் செய்தவற்றில் சின்ன மேடு. இந்த வருஷத்தியதில் பெரிய மேடு.

திறந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது. கூர்மையான ஓசையை அடக்க ஸ்பீக்கருக்கு முன்னால் அவன் வைக்கும் ஃபெல்ட் வளையம் வரவர மெலிந்துகொண்டே போயிருந்தது. கடைசி நான்கில் வளையமே இல்லை. ஏன் எடுத்தாய் என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். புது ஃபெல்ட் மட்டம், ரொம்ப அடைக்கிறது என்றான். அவன் சோதித்துப் பார்க்க ஒரு ஒலிப்பதிவு வைத்திருந்தான். சாவிக்கொத்தை ஆட்டுவதும் செய்தித்தாளைப் புரட்டுவதும் அவனே பதிவுசெய்தது. அதில் சாவி மொண்ணையாகக் கேட்கிறதாம். "பேப்பர்கூட முன்ன மாதிரி சரசரங்கறதில்ல டிகிரி. இப்ப எல்லாமே மட்டச் சரக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, லெவல் பார்க்க வேண்டும், கேட்டால் கையைத் தூக்கு என்றேன். பெரியவனை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐநூறு. கை எழுந்தது. ஆயிரம், இரண்டாயிரம். எழுந்தது. மூவாயிரத்தில் கொஞ்சம் தாமதம். நான்காயிரத்தில் கை தொடையிலேயே இருந்தது. ஒலியைக் கூட்டினேன். ஆறாயிரத்துக்குப் போனேன். இன்னும் கூட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே அது ஊசியாகக் கேட்டது. சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்து, "என்னது அது, குக்கர் விசிலா?" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்துப் புன்னகையோடு காத்திருந்தான்.

"ஆரம்பிக்கலாம்," என்றான்.

நான் லேப்டாப்பை மூடினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அண்ணி என்னை ஒரு கணம் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை, அல்லது நினைக்க விரும்பவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி ஆள் வர இன்னும் பதினாறு நாள் இருந்தது. தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வந்தவனிடம் எப்படிச் சொல்வது என்பது ஒரு காரணம். அவன் காதைத் தின்ற ஒன்பது வருஷத்தில்தான் நான் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குள் போனேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே அவனிடம் உன் காது போய்விட்டது என்று சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. இது இன்னொரு காரணம். மூன்றாவது ஒன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். இந்த வேலை கிடைக்காமல் போனால் என் வேலையும் போகும் என்று நினைத்தேன். எது முதலில் தோன்றியது என்று நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

நான் செய்தது இதுதான். கம்பெனி ஆள் வருவதற்கு முந்தின நாள், அண்ணன் நான்கையும் கேட்டு முடித்துப் பெட்டியில் வைத்த பிறகு, பழைய தடிமனில் ஃபெல்ட் வளையங்களை வெட்டி உள்ளே வைத்து மூடினேன். அளந்தேன். மேடு போய்விட்டது. ஒரு தடவை இது தாண்டிவிட்டால் போதும், பிறகு அளந்து அளந்து நானே சரிசெய்துகொள்ளலாம், அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். நல்ல கணக்கு என்றே தோன்றியது.

மறுநாள் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அண்ணியே போட்டுக் கொடுத்ததாம். கம்பெனிக்காரர் ஒல்லியான, மரியாதையான மனிதர். தடிமனான காம்புள்ள கண்ணாடி. முதலாளி பல் டாக்டரையும் அழைத்திருந்தார். மூன்று ஹெட்ஃபோன்கள், என்ன ஏதென்று தெரியாதபடி துணி சுற்றி, ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டு வைத்தோம். ஒன்று மாற்றப்படாத பெரியவன், இன்னொன்று வேறொரு கம்பெனியுடையது, மூன்றாவது அண்ணனுடையது. சத்த அளவை நான் சமமாக்கினேன். அண்ணன் மூன்றையும் அவர் தலைக்கு வளைத்துக் கொடுத்தான், ஷூ லேஸ் கட்டச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். கண்ணாடியோடு காது வலிக்காமல் ஹெட்ஃபோன் போடுவது இதுதான் முதல் தடவை என்றார்.

முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றிக் கேட்டார். கூடத்தில் யாரும் இருமவில்லை. கடைசியில் மூன்றாவதைத் தொட்டு, "இது," என்றார். பல் டாக்டரும் அதையே சொன்னார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணன் சுவரோரம் நின்றபடி சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

அங்கே முடிந்திருக்கலாம். கம்பெனிக்காரருக்கு ரொம்பவே பிடித்துப்போனதுதான் வினையாகிவிட்டது. அவர் துணியை அவிழ்த்து, பெரியவனை இரண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினார். "நீங்களும் கேளுங்க. கேட்டுக்கிட்டே, எங்கெங்க என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க," என்றார். நான் லெவலை மாற்ற வேண்டும், ஒரு நிமிஷம் என்றேன். அதற்குள் அவன் மாட்டிக்கொண்டுவிட்டான்.

கொஞ்ச நேரம் கேட்டான். கிண்ணத்தை விரலால் தட்டினான். கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"இது நான் செஞ்சது இல்ல," என்றான்.

முதலாளி சிரித்து மழுப்பப் பார்த்தார். அண்ணன் அதற்குள் மெத்தையைப் பிடுங்கிவிட்டான். உள்ளே ஃபெல்ட் வளையம். அதை இரண்டு விரலால் இழுத்து எல்லோருக்கும் காட்டினான். அடுத்த காதிலும் இழுத்தான்.

"யாரோ கை வச்சிருக்காங்க சார். மன்னிக்கணும். அப்படியே அடைச்சு வச்சிருக்கு. இப்ப கேளுங்க, இதுதான் என் வேலை."

அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம். என்னைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கம்பெனிக்காரர் மாட்டினார். வயலின் ஓடிக்கொண்டிருந்தது. வில் பட்டதும் அவருடைய தோள்கள் மேலே போயின. கழற்றி, காதைத் தேய்த்துக்கொண்டார். "கொஞ்சம் குத்துது," என்றார் மென்மையாக. பல் டாக்டர் வாங்கிக் கேட்டார். "என் டிரில்லு மாதிரியே இருக்கு பஞ்சு," என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"குத்துதா? எங்க குத்துது?" அண்ணன் மறுபடி மாட்டினான். மெத்தையைத் திருப்பினான். கண்ணை மூடினான். "நல்லா திறந்துதானே இருக்கு?" என்று ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டான்.

முதலாளி என்னிடம், "நீ அளந்திருப்பியேம்மா. ஸ்க்ரீன்ல போடு," என்றார்.

ஃபைல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். போட்டேன். வளையத்தோடு அளந்த நீலக் கோடு, வளையம் இல்லாமல் அளந்த சிவப்புக் கோடு. பெரிய திரையில் ஆறாயிரத்தில் சிவப்பு மட்டும் கூடாரம்போல நின்றது. ஃபெல்ட் வைத்தது யார் என்று கம்பெனிக்காரர் கேட்டார். நான்தான் என்றேன்.

அண்ணன் திரைக்கு அருகே வந்தான். மேட்டின் மேல் விரலை வைத்தான்.

"இந்த மேடு எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷத்துக்கு மேல. கொஞ்சம் கொஞ்சமா."

"அப்ப எனக்கு இது கேக்கல."

விரலை மேட்டிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினாறு நாளா," என்றேன்.

வாடிக்கையாளர் ஏதாவது குறை சொன்னால் தலையசைப்பானே, அப்படி அசைத்தான். பிறகு கையிலிருந்த இரண்டு வளையங்களையும் மேஜைமேல் வைத்து, சுருண்டிருந்த ஓரத்தைத் தேய்த்து நேராக்கினான். "இது இருக்கிறதுதான் சரி சார். இதையே எடுத்துக்குங்க," என்று கம்பெனிக்காரரிடம் சொல்லிவிட்டுக் கீழே போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் கடைசிவரை கேட்டது. எங்கள் எல்லோருக்கும்.

ஒப்பந்தம் அன்றே பேசி முடிந்தது, நீலக் கோட்டுக்கு. நல்லவேளை நீ இருந்தாய் என்று முதலாளி என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் அண்ணி எதுவும் கேட்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன், உனக்காகத்தான் செய்தேன் என்று. அண்ணன் டிவியை அணைத்தான்.

"என் காது போனதுக்கு நீ என்ன பண்ணுவே. அது பட்டறையில போச்சு. அன்னிக்கு இந்த மேஜையில வச்சே நீ சொல்லியிருந்தா, சரி, இனிமே நீ கேட்டுச் சொல்லு, நான் கையால செய்யறேன்னு நானே முதலாளிகிட்ட சொல்லியிருப்பேன். அசிங்கமா இருந்திருக்காது. நாலு பேர் முன்னாடி திருடனைப் பிடிச்சவன் மாதிரி பல்லைக் காட்டிட்டு நின்னேன் பாரு..."

அண்ணி எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குக் கொண்டுவரவில்லை.

காது டாக்டரிடம் போனோம். அவரும் ஒரு கோடு போட்டுக் காட்டினார். எங்கள் கோடு ஏறும் இடத்தில் அது இறங்கியது, கிணறுபோல. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, பட்டை வளைப்பதையும் மெத்தை போடுவதையும் நீ பார், சத்தத்தை உன் தங்கச்சி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பொறுப்பாளர் என்ற வார்த்தை இருந்த தாளில் பெயரை மட்டும் மாற்றி எனக்கு ஒன்று கொடுத்தார். அண்ணன் இரண்டு நாள் வந்தான். ஒவ்வொரு ஜோடியையும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து, நான் அளந்து முடிக்கும்வரை நிற்பான். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டான். சரி என்றால் எடுத்துக்கொண்டு போவான். மூன்றாம் நாள் வரவில்லை. கீல் பட்டறைக்குப் போய்ப் பழைய மேஸ்திரியைப் பார்த்திருக்கிறான். பேக்கிங்கில் இடம் இல்லை, இயந்திரத்தில்தான் இருந்தது. ஏறிவிட்டான்.

டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தி நான் அழுது பார்த்தேன். அண்ணிதான் பதில் சொன்னாள். "அங்க எல்லாரும் கத்திக்கிட்டேதான் பேசுவாங்களாம். அவருக்கு அதுதான் சௌகரியமா இருக்காம். விடு."

தனிப் பதிப்பு விற்பனைக்கு வருவதற்கு முன் முதலாளி என்னிடம் துண்டுப் பிரசுரம் எழுதச் சொன்னார். கூடவே ஒரு போட்டோவும் கொடுத்தார். அண்ணன் ஒரு கிண்ணத்தைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடியிருக்கும் பழைய படம். இதுதான் போக வேண்டும், நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்து யாரும் வாங்கமாட்டார்கள் என்றார். அதில் பொய் இல்லை. தலைப்பட்டையின் உள்ளே அவன் கையெழுத்தும் அப்படியே இருக்கட்டும் என்றார். பழைய ரசீது ஒன்றிலிருந்து எடுத்து அச்சு செய்திருந்தார்கள். நான் எழுதினேன். 'ஒவ்வொரு ஜோடியும் இவர் காதால் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் கைக்கு வருகிறது.' அந்த வாக்கியத்தை முதலாளி சொல்லித்தரவில்லை. நானாகத்தான் எழுதினேன். எழுத வந்தது.

அச்சானதை அண்ணனிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். ஒரு தடவை மறைத்தது போதும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நின்றபடியே முழுவதும் படித்தான். போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நல்லா எழுதியிருக்கே," என்றான்.

"அந்தக் கடைசி வரியை எடுத்துடச் சொல்லவா அண்ணா? இன்னும் நேரம் இருக்கு."

அவனுக்குக் கேட்கவில்லையோ என்று கொஞ்சம் உரக்கத் திரும்பவும் சொன்னேன்.

"கேட்டுச்சு," என்றான். "எடுத்தா யாரு வாங்குவா? அப்புறம் உன் வேலை?"

தாளை என்னிடம் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். நான் அந்த வரியை எடுக்கச் சொல்லவில்லை. இருநூறும் விற்றுவிட்டன. கம்பெனி இன்னும் முந்நூறு கேட்டிருக்கிறது.